உடலில் எங்கே தேடுவது, எப்போது தேடுவது

1971ஆம் ஆண்டின் இறுதியில் இராக்கின் கிராமங்களுக்கு விதைக் கோதுமை வந்து இறங்கியது. வறட்சியால் விதை அற்றுப்போயிருந்த நாட்டுக்கு மெக்ஸிகோவிலிருந்து தருவித்த கோதுமை அது. பூஞ்சை தாக்காமலிருக்க மெத்தில் பாதரசம் கலந்த மருந்தைப் பூசியிருந்தார்கள். தின்னக் கூடாதது என்று தெரிய சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் இருந்த எச்சரிக்கையை அந்த உழவர்களால் படிக்க முடியவில்லை. அது அவர்கள் மொழியில் இல்லை. பல ஊர்களில் விதைப்புப் பருவம் முடிந்த பிறகே மூட்டைகள் வந்து சேர்ந்தன. வீட்டில் மாவு இல்லை. சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று நம்பிக் கழுவி, அரைத்து, ரொட்டி சுட்டுத் தின்றார்கள். சாயம் போனது, பாதரசம் போகவில்லை. சில வாரங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் நுனியும் உதடும் மரத்தன, நடை தள்ளாடியது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கேயே இறந்தவர்கள் 459 பேர்.

மருத்துவர்கள் வந்து பார்த்தபோது பல வீடுகளில் அந்த மாவு தீர்ந்திருந்தது. யார் எவ்வளவு தின்றார்கள், எந்த மாதத்தில் தின்றார்கள், ஒரு பெண் தின்றபோது அவள் வயிற்றுப்பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதையெல்லாம் இனி எப்படி அறிவது? பாக்தாத் மருத்துவர்களோடு சேர்ந்து உழைத்த அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறிப்பாகத் தாமஸ் கிளார்க்சனின் குழுவினர், பெண்களின் நீண்ட கூந்தலில் அதற்கு விடை தேடினார்கள்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரில் முடி உருவாகும் நேரத்தில் இரத்தத்தில் எவ்வளவு மெத்தில் பாதரசம் ஓடுகிறதோ, அதற்கு ஏற்ற அளவு முடியின் புரதத்திலுள்ள கந்தகத்தோடு பிணைந்துகொள்கிறது. இரத்தத்தில் இருப்பதைப்போல் சுமார் 250 மடங்கு அடர்த்தியில் அது முடியில் சேர்கிறது. முடி தோலுக்கு வெளியே வந்துவிட்டால் அந்த அளவு பிறகு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வேரிலிருந்து நுனிவரை ஒரு முடியைத் துண்டு துண்டாக அளந்தால், கடந்த மாதங்கள் வரிசையாகக் கிடைக்கும். எந்த மாதம் ஏறத் தொடங்கியது, எங்கே உச்சம், எப்போது இறங்கியது என்பதைத் தாய்மார்களின் கூந்தலில் அவர்கள் படித்தார்கள். அந்த உச்சங்களைப் பிறந்த குழந்தைகளின் நிலையோடு ஒப்பிட்டபோது, தாய்க்குப் பெரிய பாதிப்பு இல்லாத அளவில்கூட வயிற்றிலிருந்த பிள்ளையின் மூளை கேடுறும் என்பது தெளிந்தது. கருவுற்ற பெண்கள் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரைகளுக்கான தொடக்க ஆதாரங்களில் அந்தக் கூந்தல் அளவீடுகளும் உண்டு.

மிகச் சிறிய அளவில் இதே முறை இன்னொரு கேள்விக்கும் விடை தந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் ஆய்வகத்தில் டைமெத்தில் பாதரசத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவரது ரப்பர் கையுறைமேல் விழுந்தன. கையுறையை அது நொடிகளில் கடந்துவிடும் என்று அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து நடை தடுமாறியது. 1997 ஜூனில் இறந்தார். அவர் நீண்ட நாட்களாகச் சிறுகச் சிறுக நஞ்சேற்றுக்கொண்டாரா, ஒரே நாளிலா? அவரது முடியைத் துண்டுகளாக அளந்தார்கள். ஒரே ஒரு உச்சம், பிறகு சீரான இறக்கம். அன்றைய துளிகள்தான்.

இந்த வெற்றிகளைக் கேட்டால், எந்த உலோகத்தையும் எந்த உடல் மாதிரியிலும் அளந்து உண்மையைக் கண்டுவிடலாம் என்று தோன்றும். நான் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு உலோகமும் உடலில் வேறு வேறு இடத்தில் தங்குகிறது, வேறு வேறு காலம் தங்குகிறது. தவறான இடத்தில் தேடினாலும், சரியான இடத்தில் காலம் தாழ்த்தித் தேடினாலும், ஆய்வகம் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் எழுதித் தரும். அந்தத் தாள் நேர்மையான அளவீடாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அது ‘பாதிப்பே இல்லை’ என்று படிக்கப்படும். பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராக இதைவிட வலிய கருவி வேறில்லை.

இரத்தம் அண்மைக் காலத்தைத்தான் சொல்லும். ஈயம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். மெத்தில் பாதரசத்துக்குச் சுமார் 50 நாள். ஆர்சனிக் இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் நீங்கிவிடும். சிறுநீரில் சில நாட்கள் தெரியும். அதையும் கவனமின்றி அளந்தால் தவறான முடிவு வரும். முந்தின நாள் இறால் குழம்பு உண்டவரின் சிறுநீரில் ஆர்சனிக் ஏறித் தெரியும். ஆனால் கடலுணவில் பெரும்பாலும் இருப்பது கேடற்ற ஆர்சனிக் கூட்டுப்பொருள். எந்த வகை ஆர்சனிக் என்று பிரித்துப் பார்க்காத அறிக்கை ஒருவரை வீணாகக் கலங்கடிக்கும். காட்மியம் இதற்கு மறுகோடி: அது சிறுநீரகத்தில் போய் அமர்ந்தால் பத்து முதல் முப்பது ஆண்டு வரை நகராது. எனவே காட்மியத்துக்குச் சிறுநீர் அளவு வாழ்நாள் சேமிப்பையும், இரத்த அளவு அண்மைக் காலத்தையும் காட்டுகின்றன. ஒரே சிறுநீர்க் குப்பி, ஆர்சனிக்குக்கு இந்த வாரத்தையும் காட்மியத்துக்கு ஒரு தலைமுறையையும் பேசுகிறது.

ஜப்பானின் மினமாதாவில் இந்தக் கால வேறுபாடு மனித விதியாகவே மாறியது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு உற்பத்தி செய்து, அதில் உண்டான மெத்தில் பாதரசத்தைக் கழிவுநீரோடு விட்டது. அது மீனிலும் சிப்பியிலும் ஏறி, கடற்கரை மக்களின் உணவில் சேர்ந்தது. நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு அறிவித்தது 1968 செப்டம்பரில். இடையே கழிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கையிலிருந்த சான்றை ஒருவரும் பயன்படுத்தாமல் போனதுதான் எனக்கு மிகுந்த வேதனை தரும் பகுதி.

1960இல் குமமோதோ மாநிலச் சுகாதார ஆய்வகம் கடற்கரை மக்களின் முடியைச் சேகரித்துப் பாதரசம் அளக்கத் தொடங்கியது. பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதைத் தாண்டினால் பெரியவர்களுக்கு நரம்புக் கேடு தொடங்கலாம் என்று பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அந்த ஆய்வில் கோஷோனௌரா தீவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முடியில் இருந்தது 920 பங்கு. ஆலையிலிருந்து கடல் கடந்து தொலைவில் உள்ள தீவு அது. மாசு ஆலையின் கரையைத் தாண்டி வெகுதொலைவு பரவியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும். ஆனால் முடியைக் கொடுத்தவர்களுக்கு முடிவுகள் சொல்லப்படவில்லை. மீன் உண்பதை நிறுத்தச் சொல்லி யாரும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பிற்காலத்தில் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானவர்களிடம், நீங்கள் அக்காலத்தில் பாதரசம் உட்கொண்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டது. ஆதாரம் அவர்கள் தலையில் வளர்ந்து, கத்தரிக்கப்பட்டு, குப்பையில் போயிருந்தது.

முடி போனாலும் ஒரு திசு தப்பியிருந்தது. ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் வழக்கம் உடையவை. நம் ஊரில் உலர்ந்த கொடியைத் தாயத்துக்குள் வைத்து அரைஞாணில் கட்டும் வழக்கத்தோடு இதை எண்ணிப் பார்க்கலாம். மினமாதாவில் பிறவியிலேயே கை கால் முடங்கி, பேச்சின்றிப் பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் பலர் நோயின்றியோ மிக இலேசான குறிகளோடோ இருந்தார்கள். நச்சுப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடக்காது என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. ஆகவே இவர்கள் வெறும் மூளை முடக்குவாதக் குழந்தைகள் என்று எழுதப்பட்டார்கள். மருத்துவர் ஹராதா மசசுமி வீடு வீடாகப் போய்த் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டார். நான் உண்ட மீனின் நஞ்சைப் பிள்ளை எடுத்துக்கொண்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. 1962இல் பிறவி மினமாதா நோய் ஏற்கப்பட்டது. பின்னர் அவரும் கூட்டாளிகளும் அந்த மரப்பெட்டிகளைத் திறக்கும்படி குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

கொடித் துண்டு பிறந்த நாளை எழுதி வைத்திருந்த பெட்டியில் இருந்தது. அதில் மெத்தில் பாதரசம் அளக்கப்பட்டது. பிறந்த ஆண்டு வரிசையில் அடுக்கியபோது, ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடியின் பாதரசமும் ஏறியிருந்தது, அது இறங்கியபோது இதுவும் இறங்கியிருந்தது. ஓர் ஆலையின் உற்பத்திக் கணக்கும் கருப்பையின் கணக்கும் ஒன்றையொன்று ஒத்துப்போயின. அந்தப் பெட்டிகளை எந்த ஆய்வுத் திட்டமும் சேர்த்து வைக்கவில்லை. பிள்ளை நலமாக இருக்க வேண்டும் என்று தாய்மார்கள் வைத்தவை அவை.

ஈயத்துக்கு வேறு இடம். உடலில் புகும் ஈயத்தை எலும்பு கால்சியம் என்றே கொள்கிறது. வளர்ந்தவர் உடலிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, பத்து இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல். ஒரு குழந்தை இரண்டு வயதில் சுவரிலிருந்து உதிர்ந்த ஈயச் சாயத்தைத் தின்றிருந்தால், ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறாமல் உட்கார்ந்திருக்கும்போது அதன் இரத்தம் பெரும்பாலும் பழைய அளவை இழந்திருக்கும். ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவருக்கு இது தெரியும். எலும்பைக் குழந்தையிடம் கேட்க முடியாது. ஆனால் அந்த வயதில் எல்லாக் குழந்தையும் தானாகவே தரும் ஒன்று உண்டு: விழும் பால் பல். பல்லின் உள்ளடுக்கான டென்டினில் ஈயம் சேர்ந்து நிற்கும்.

பாஸ்டனுக்கு அருகிலுள்ள செல்சியா, சாமர்வில் நகரங்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் பற்களைச் சேகரித்தார். மிகுந்த ஈயம் உள்ளவர்களும் குறைந்த ஈயம் உள்ளவர்களும் பிரித்து எடுக்கப்பட்டு, குடும்ப நிலை, தாயின் கல்வி முதலியவற்றைக் கணக்கில் கொண்டு ஒப்பிடப்பட்டார்கள். இந்தப் பிள்ளைகளில் எவருக்கும் ஈய நஞ்சேற்ற நோய் கண்டறியப்படவில்லை. ஆனாலும் பல்லில் ஈயம் மிகுந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக நான்கு புள்ளி அளவு குறைந்திருந்தது. வகுப்பில் கவனம் சிதறுகிறது, சொன்ன வேலையை முடிப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறித்ததும் பல்லிலுள்ள ஈயத்தோடு படிப்படியாக ஏறியது. 1979இல் இது வெளியானபோது, நோயாகத் தெரியாத அளவிலும் ஈயம் கெடுக்கிறது என்பதை மறுப்பது கடினமாயிற்று. ஈயத் தொழிலுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் பின்னாளில் அவர்மீது ஆய்வு மோசடிக் குற்றம் சாட்டினார்கள். பல ஆண்டுகள் நீண்ட விசாரணையில் மோசடி இல்லை என்று முடிவாயிற்று. இத்தகைய நேரத்தில் ஒருவரின் பெயரைக் காப்பது, எவரும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கும்படி தரவுகளைத் திறந்து வைப்பது. இந்தத் துறையில் பணியாற்றும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவென்று கருதுகிறேன்.

இன்று பல்லைத் தூளாக்கி அளக்க வேண்டியதில்லை. பிறப்பின்போது பல்லில் ஒரு கோடு விழுகிறது; அதற்கு ஒருபுறம் கருவில் உருவானது, மறுபுறம் பிறந்த பின் உருவானது. பல்லின் வளர்ச்சி வரிகளின்மேல் லேசரை நகர்த்தி, தாயின் வயிற்றிலிருந்த மாதங்களையும் பால் குடித்த மாதங்களையும் தனித்தனியே அளக்கிறார்கள்.

எலும்பில் போன ஈயம் அங்கேயே கிடந்தால் ஒரு தொல்லையுமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் பிரையன் கல்சன் செய்த ஆய்வு இதை முறியடித்தது. இத்துறையில் நான் அறிந்த ஆய்வுகளில் அழகான ஒன்று அது. ஈயத்துக்குப் பல ஐசோடோப்புகள் உண்டு. எந்தச் சுரங்கத் தாதுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தின் விகிதம் மற்ற நாட்டு ஈயத்திலிருந்து எளிதில் பிரித்தறியத் தக்கது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெண்கள் ஆஸ்திரேலிய மண்ணில் வாழத் தொடங்கிய பின், அவர்களின் இரத்தத்தில் புதிய நாட்டின் ஈயம் கலக்கிறது; எலும்பில் பழைய நாட்டின் ஈயம் இருக்கிறது. அவர்கள் கருவுற்ற மாதங்களிலும், அதற்கும் மேலாகப் பாலூட்டும் மாதங்களிலும், இரத்தத்தின் விகிதம் பழைய நாட்டை நோக்கித் திரும்பியது. பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரையும்போது, அவள் தன் குழந்தைப் பருவத்தில் உட்கொண்ட ஈயமும் வெளியேறிப் பிள்ளைக்குப் போகிறது. ஒரு பெண்ணுக்கு இன்று எந்த ஈயமும் புகாமல் தடுத்தாலும் போதாது என்பது இதன் பொருள். அவள் சிறுமியாயிருந்தபோது தடுத்திருக்க வேண்டும்.

அளவீட்டுக்கு எதிரே எப்போதும் ஒரு கேள்வி நிற்கும்: இது வழக்கமான அளவுதானா? ‘வழக்கமானது’ என்ற சொல்லின் பின்னால் எவ்வளவு தவறு ஒளிந்திருக்கலாம் என்பதை ஈயத்தின் வரலாறு காட்டுகிறது. பெட்ரோலில் ஈயம் சேர்த்த தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் மருத்துவ அறிஞராக இருந்த ராபர்ட் கீஹோ, உடலில் ஈயம் இருப்பது இயற்கை, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரை தீங்கில்லை என்று சொல்லிவந்தார். தொழிற்சாலை எதுவுமில்லாத மெக்ஸிகோக் கிராமத்தாரின் உடலிலும் ஈயம் இருக்கிறது என்பது அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. அந்தக் கிராமத்தார் உண்டது ஈயப் பூச்சுக் கொண்ட மண்பாண்டங்களில். பூமியின் வயதை ஈய ஐசோடோப்புகளால் கணித்த கிளேர் பேட்டர்சன், ஆய்வகக் காற்றிலும் கண்ணாடியிலும் உள்ள ஈயமே தன் கணக்கைக் கெடுப்பதைக் கண்டு, தூசி புகாத ஆய்வறையை உருவாக்கியவர். 1979இல் அவரும் கூட்டாளிகளும் பண்டைய பெரு நாட்டு எலும்புகளை அளந்தபோது, இக்கால அமெரிக்கர் எலும்பில் அவற்றைப்போல் ஐந்நூறு மடங்குக்குக் குறையாமல் ஈயம் இருந்தது தெரிந்தது. கீஹோ இயற்கை என்று சொன்னது அக்காலத்தில் எல்லோர்க்கும் பொதுவாகியிருந்த நஞ்சேற்றம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்த ஈயத்துக்கு வைத்த எல்லை 1960களில் 60 மைக்ரோகிராம், 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. இந்த எண்கள் இறங்கியதில் அளக்கும் கருவிகளும் பார்க்கும் கண்களும் கூர்மையானதற்குப் பங்கு உண்டு. 1976 முதல் 1980 வரை அமெரிக்க மக்களின் இரத்தத்தைத் தொடர்ந்து அளந்த அரசு ஆய்வில், பெட்ரோலில் விற்ற ஈயம் குறையக் குறைய சராசரி இரத்த ஈயமும் அதே வளைவில் 37 விழுக்காடு இறங்கியது. ஈயம் நீக்கும் சட்டத்தை அந்நாடு கடுமையாக்க இந்த வரைபடம் பெரும் துணையாயிற்று. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தை அளந்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது.

முடிக்கும் நகத்துக்கும் உள்ள பெரிய குறையையும் சொல்ல வேண்டும். அவை உடலுக்குள்ளிருந்து மட்டுமல்ல, வெளியிலிருந்தும் உலோகத்தை ஏற்கும். மேற்கு வங்கத்தில் 1983இல் தோல் மருத்துவர் கே. சி. சாகா ஆர்சனிக் நோயாளிகளை அடையாளம் கண்ட பிறகு, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழாய்க் கிணற்று நீரையும் மக்களின் முடி, நகம், சிறுநீர் ஆகியவற்றையும் ஆயிரக்கணக்கில் சேகரித்தார். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாதவர்களின் நகத்திலும் ஆர்சனிக் மிகுந்திருந்தது. நோய் தெரியுமுன்பே நஞ்சு ஏறிக்கொண்டிருந்ததை அது காட்டியது. ஆனால் அதே நீரில் குளிக்கும் ஒருவரின் முடி, அந்த நீரைக் குடிக்காவிட்டாலும் ஆர்சனிக்கை ஓரளவு பிடித்துக்கொள்ளும். கழுவி அளந்தாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. சக்ரவர்த்தி முடியோடு சிறுநீரையும் குடிநீரையும் சேர்த்தே அளந்ததன் காரணம் இதுதான்.

இந்த எச்சரிக்கை இல்லாமல் முடியை விற்பனைப் பொருளாக்கியவர்களும் உண்டு. தபாலில் முடியை அனுப்பினால் உடலிலுள்ள அத்தனை உலோகங்களையும் பட்டியலிட்டுத் தருவோம் என்ற வணிக ஆய்வகங்கள் ஆறுக்கு, ஒரே ஆளின் முடியை அனுப்பி ஒப்பிட்ட ஆய்வொன்று 2001இல் வெளியானது. பன்னிரண்டு தனிமங்களில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. இன்னும் கேடானது, உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் எடுத்த சிறுநீரைச் சாதாரண அளவோடு ஒப்பிட்டு ‘நஞ்சு மிகுதி’ என்று எழுதுவது. அந்த மருந்தைக் கொடுத்தால் எவருக்கும் அளவு ஏறும். அமெரிக்காவில் 2005இல் ஆட்டிசம் கொண்ட ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, உலோகம் நீக்கும் சிகிச்சையில் தவறான மருந்து ஏற்றப்பட்டு இறந்தது. அளவீடு தவறினால் நோயற்றவரும் சாகலாம்.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு கொடைக்கானலில் எழுந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1980களில் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனத்தின் வழியே அந்த ஆலை பின்னர் ஹிந்துஸ்தான் லீவருடையதாயிற்று. 2001 மார்ச்சில் அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் குவியல் வெளிச்சத்துக்கு வந்தபின் ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலைக்குள் பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களின் உடல் பற்றிய வழக்கு 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

இங்கே வேதியியல் மாறுகிறது. மீனில் வருவது மெத்தில் பாதரசம். அதற்கு முடி நல்ல சாட்சி. வெப்பமானித் தொழிலாளி சுவாசிப்பது உலோகப் பாதரசத்தின் ஆவி. அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அதற்குச் சரியான மாதிரி சிறுநீர். ஆவிக்கு முடியை அளந்தால், காற்றிலிருந்து நேரே ஒட்டியதையே பெரும்பாலும் அளப்போம். அந்தச் சிறுநீர் அளவும் வேலையை விட்ட பின் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஓராண்டில் அது கடந்த காலத்தைச் சொல்வதை நிறுத்திவிடும். 2007இல் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, தொழிலாளர்களின் அப்போதைய உடல்நிலையை முன்னாள் பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு இதற்கு மாறாக, தொழிலாளர்களின் நோய்களுக்குப் பாதரசத் தொடர்பு காரணம் என்று அறிக்கை தந்தது. நிறுவனம் தன் கண்காணிப்பில் எந்தக் கேடும் தெரியவில்லை என்று சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு ஒரு தீர்வு எட்டப்பட்டது.

இரண்டு குழுக்களும் ஆறு ஆண்டும் பத்து ஆண்டும் கடந்த பின் அந்த உடல்களைப் பார்த்தன. அந்தக் காலதாமதத்தில் எந்த இரத்தமும் சிறுநீரும் விடை தர முடியாது. விடை தரக்கூடியவை ஆலை ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எடுத்த சிறுநீர் முடிவுகளும் வேலையிடத்துக் காற்றின் அளவுகளும் மட்டுமே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பாதரச நஞ்சும் ஈய நஞ்சும் ஆர்சனிக் நஞ்சும் அந்நாளிலிருந்தே இடம்பெற்றிருந்தன. சட்டத்தின் குறை பட்டியலில் இல்லை. அளந்த முடிவின் ஒரு படி அளக்கப்பட்டவர் கையில் இருக்க வேண்டும் என்ற உரிமையை நாம் வலுவாகக் கேட்காததில்தான் குறை. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இன்று அளக்க வேண்டிய நாள் நடந்துகொண்டிருக்கிறது. வேலையை விட்ட பின் கேட்டால் எலும்பைத்தான் கேட்க வேண்டும். உயிரோடிருப்பவரின் எலும்பு ஈயத்தை எக்ஸ் கதிர்க் கருவியால் வலியின்றி அளக்க முடியும், ஆனால் அத்தகைய கருவிகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வு மையங்களில்தான் உள்ளன.

காலத்தில் அளந்து, அளந்ததைச் சொல்லி, சொன்னபடி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தில் அண்மைச் சான்று உண்டு. தொழிற்சாலையோ ஈயப் பெட்ரோலோ இல்லாத கிராமங்களில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தினரும் கண்டார்கள். எங்கிருந்து வந்தது? சந்தேகப்பட்ட பொருள்களின் ஐசோடோப் விகிதங்களைப் பெண்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது மஞ்சள்தூள். 1980களில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின் சரியாக உலராமல் மங்கிய மஞ்சளுக்கு நிறம் ஏற்ற வணிகர்கள் ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தடவத் தொடங்கியிருந்தார்கள். மங்கல் போன பின்னும் வழக்கம் போகவில்லை. 2019இல் இம்முடிவுகள் வெளியாயின. அவ்வாண்டே அரசு டாக்காவின் ஷியாம்பஜார் சந்தையில் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியோடு சோதனை நடத்திக் கலப்பட மஞ்சளைப் பறிமுதல் செய்து அபராதம் விதித்தது. பத்திரிகைகளிலும் சந்தைச் சுவர்களிலும் எச்சரிக்கை வந்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த ஈயக் கலப்படம் 2021இல் ஒன்றிலும் இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தை மீண்டும் அளந்தார்கள். ஈயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.